கத்தீனா வீட்டுத் தண்ணீர்

கிட்ட வந்து இருங்க மைனி. இன்னும் கொஞ்சம் கிட்ட. சத்தம் போட்டுச் சொல்லுகிற சங்கதி இல்லை இது. ஊருக்குப் போனதும் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். மைனி இங்கே இல்லை. மைனி ஊரில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில், இந்நேரம் காயப்போட்ட கருவாட்டை அள்ளிக் கடகத்தில் போட்டபடி காக்காயைத் திட்டிக்கொண்டிருப்பார். நான் எங்கே கிடக்கிறேன் என்றால், கிரீஸ் நாட்டில் ஒரு தீவு, தீவில் ஒரு ஊர், ஊருக்கு நட்டநடுவில் ஒரு சதுக்கம், சதுக்கத்தைப் பார்த்தாற்போல் ஒரு ஹோட்டல், ஹோட்டல் மாடியில் ஒரு அறை, அறையில் ஒரு கட்டில், கட்டிலில் வெறும் வயிற்றோடு நான், தஸ்நேவிசம்மாள், மீன் ஏலத்தில் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன பொம்பளை. மத்தியானம் கழிந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற நேரம். இங்கே அப்படி ஒரு வழக்கம், வெயில் தாழுகிறவரை கடைகண்ணி கிடையாது, தெருவில் நாயும் பூனையும்தான். நான் மட்டும் தூங்கவில்லை. புரண்டால் கட்டில் முனகுகிறது. கட்டில் முனகினால் கீழே இருக்கிறவளுக்குக் கேட்கும். கேட்டால், பாவம் பசிக்கிறதாக்கும் என்று இன்னொரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அதனால் புரளாமல் கிடக்கிறேன். புரளாமல் கிடந்தால் பசி புரளுகிறது.

நடு ஊரில் தங்கினால் வசதி, எல்லாம் காலடியில் இருக்கும் என்று மகள் ஜெசிந்தா போனில் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்லாம் காலடியில் இருக்கிறது, உள்ளதுதான், ஆனால் எல்லாம் காதுக்குள்ளும் இருக்கிறது. இங்கே வந்த நாளிலிருந்து கண்ணால் பார்த்ததைவிடக் காதால் பார்த்ததுதான் அதிகம். விடியும் முன்னே காப்பிக்கடைக்காரன் இரும்பு நாற்காலிகளைக் கல்லில் இழுக்கிற சத்தம், கோயில் மணி, நம்முடையது மாதிரி ஆடி அடிக்காமல் ஒரே இடத்தில் கொட்டுகிற மணி, ஒலிபெருக்கி கட்டின வண்டியில் ஒருத்தன் தர்ப்பூசணி விற்பது, துறைமுகத்தில் கப்பல் ஊளையிடுவது. பாஷை தெரியாவிட்டாலும் யார் யாரைத் திட்டுகிறார்கள், யார் பொய் சொல்லுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஏலத்தில் நின்ற காது. இத்தனை சத்தத்துக்கும் மேலே ஒரு சத்தம், சாவிக்கொத்துச் சத்தம். அது கத்தீனா. இந்த ஹோட்டல் அவளுடையது. புருஷன் இல்லாதவள், என்னைப் போல. கறுப்புப் பாவாடை இடுப்பில் அறைச் சாவியெல்லாம் ஒரு வளையத்தில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறாள். ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். இழுக்கிற செருப்பும் குலுங்குகிற சாவியுமாக அவள் படியேறி வருவது, ஏறத் தொடங்குமுன்னே எனக்குக் கேட்டுவிடும். கேட்டதும் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். வந்து தட்டை வைத்துவிட்டு, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பால்கனியில் இருக்கிற தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவாள். பொடி இலைச் செடி, தொட்டால் திருநீற்றுப் பச்சை வாசம். அவள் போனதும் எழுந்து அந்தத் தட்டை மூடி வைப்பேன். மறுபடி வந்து, மூடின தட்டை மூடினபடியே எடுத்துக்கொண்டு இறங்குவாள். ஏறும்போது சாவி துள்ளும், இறங்கும்போது சாவிக்கே உயிர் இருக்காது. அதைக் கேட்டால் எனக்குக் குற்றமாய் இருக்கும். ஆனாலும் தின்னவில்லை.

ஏன் தின்னவில்லை. மைனி, உங்களுக்குத் தெரியாதா, நீங்கதானே சொல்லி அனுப்பினீங்க. இந்தக் கத்தீனாவின் மகன் அந்தோனிஸ்தான் ஜெசிந்தா கட்டிக்கொள்ள நினைக்கிற ஆள். அயர்லாந்தில் ஒரே ஆஸ்பத்திரியில் அவளும் நர்சு, அவனும் நர்சு. ஒரு வாரம் லீவு எடுத்து ஊருக்கு வந்து, அம்மாவைத் தீவு பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்றாள் மகள். தீவு பார்க்க இல்லை, மாப்பிள்ளை வீடு பார்க்க என்று பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் எனக்கே சொன்னாள். பக்கத்தில் நின்ற மைனி முகம் சுருங்கிவிட்டது. செத்துப்போன என் வீட்டுக்காரர் கஸ்பாருக்கு மூத்த அக்கா, குடும்பத்துக்கு இப்போது அவர்தான் பெரிய தலை. வெல்லப்பாகில் பிடித்த முந்திரிக்கொத்து டின்னை என் கையில் வைத்து, என் காதோடு சொன்னார்: "போ, பாரு, பேசு, சிரி. ஆனா கை நனைச்சிராத தஸ்நேவிஸ்." அவ்வளவுதான் சொன்னது. நம் கரையில் இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. சம்பந்தம் பேசப்போன வீட்டில், பேச்சு முடிந்து மனசு ஒத்துப்போகிறவரை, ஒரு பருக்கை தொடக்கூடாது, ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கக்கூடாது. கை நனைத்தாயா, பெண்ணைக் கொடுத்தாய். பிறகு பேச்சே இல்லை. நான் ஒரு வழி யோசித்துத்தான் வைத்திருந்தேன். காசு கொடுத்துத் தின்றால் அது கடை, காசு வாங்காவிட்டால்தான் அது வீடு. ஹோட்டல்தானே, அறைக்கும் சாப்பாட்டுக்கும் காசைக் கொடுத்துவிடு ஏட்டி என்று வந்த அன்றைக்கே மகளிடம் சொன்னேன். அவளும் கொண்டுபோய்க் கொடுத்தாள். கத்தீனா காசைப் பார்த்த பார்வை, அழுகின மீனைப் பார்க்கிற மாதிரி இருந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, புருவத்தைத் தூக்கி, நாக்கால் ஒரு தட்டு தட்டினாள். என்ன வேண்டும் என்று கேட்கிறாளாக்கும் என்று நான் காசை இன்னும் நீட்டினேன். மறுபடி புருவம், மறுபடி தட்டு. அது இவர்கள் ஊரில் வேண்டாம் என்பதற்குச் செய்கிற சாடையாம். ஆக, காசு வாங்கவில்லை. ஆக, இது வீடு. ஆக, நான் பட்டினி. மைனியின் முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டு, எதிர்க்கடையில் நானே போய் வாங்கின தண்ணீர் பாட்டிலைக் குடித்துக்கொண்டு கிடக்கிறேன், அங்கே சாப்பாடும் வாங்கினால் தெருவே பார்த்து அவளிடம் சொல்லிவிடும். நாளைக்குக் காலையில் கப்பல். இங்கே ஒரு வாய் தின்றுவிட்டால் சம்மதம். தின்னாமல் கப்பல் ஏறிவிட்டால் சம்மதம் இல்லை. வாயைத் திறந்து ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் வயிற்றை வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

மோர். எதை நினைத்தாலும் கடைசியில் அந்த மோருக்குத்தான் போய் நிற்கிறது புத்தி. என் அக்கா ஆரோக்கியத்துக்கு வரன் பார்க்க அப்பா பக்கத்து ஊருக்கு நடந்து போனார். பங்குனி வெயில். போன வீட்டில் பித்தளைச் செம்பில் மோர் கொடுத்திருக்கிறார்கள், கறிவேப்பிலை கிள்ளிப்போட்டு. அப்பாவுக்குத் தாகம். யோசிக்கவில்லை. அண்ணாந்து ஊற்றிக்கொண்ட பிறகுதான் யோசித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, நடையில் உட்கார்ந்து, துண்டால் வாயைத் துடைத்துத் துடைத்து, குடிச்சிட்டேனே, குடிச்சிட்டேனே என்றார். அம்மா மட்டும் கேட்டாள், பையன் எப்படி என்று. அப்பா மறுபடி வாயைத் துடைத்தார். அந்தப் பையன் எப்படி என்று ஆரோக்கியத்துக்குக் கல்யாணமான மாசமே தெரிந்துவிட்டது. உடைந்த கையோடு வந்து நின்றாள், ஆறினதும் போனாள், மறுபடி வந்தாள். அப்பா சாகிறவரை மோர் தொடவில்லை. பால் திரிந்த வாடை வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். இங்கே என்னடா என்றால், எந்தத் தட்டைத் திறந்தாலும் தயிர். கெட்டித் தயிர், தேன் ஊற்றின தயிர், வெள்ளரிக்காயும் பூண்டும் போட்ட தயிர். முதல் தட்டிலேயே தயிர் இருந்தது. மூடியைத் திறந்தேன், அப்பாவின் துண்டு கண்ணில் வந்தது, மூடிவிட்டேன். மைனி சொன்னதால் மட்டும் இல்லை. மைனிக்கு அது முறை. எனக்கு அது பயம். முறையைக்கூட ஒரு நாள் மீறிவிடலாம், பயத்தை எங்கே கொண்டு இறக்கி வைப்பது.

மீன் வாசம் வருகிறது. ஐயோ, மீன் வாசம் வருகிறது. கீழே சமையல்கட்டில் என்னவோ கொதிக்கிறது. எலுமிச்சம்பழம் பிழிந்த வாசம். என்ன மீன், கலவாயாக இருக்கும், தலை பெரிசாக இருந்தால்தான் இந்த வாசம் வரும். இவர்கள் ஊர் மீனும் நம் ஊர் மீனும் ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி, சாடை இருக்கிறது, பேர் வேறு. முந்தாநாள் துறைமுகத்தில் கொடி கட்டிப் எட்டுக்கால் பேய்க்கணவாயைத் துணி காயப்போடுகிற மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். நாம் தூண்டிலில் இரையாகக் கோத்துப் போடுகிறதை இவர்கள் சுட்டுத் தின்கிறார்கள், பாருங்கள் மைனி. எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நடந்து வந்த அந்தோனிஸும் நான் சிரிக்கிறதைப் பார்த்துச் சிரித்தான், எதற்கென்று தெரியாமல். நல்ல உயரம், வழுக்கை விழத் தொடங்கின தலை, கனத்த மூக்கு, மெதுவான பேச்சு. நடக்கும்போது வெயில் பக்கம் அவன் நடந்து நிழல் பக்கம் எனக்கு விட்டான். அதை நான் கவனித்தேன், கவனிக்காத மாதிரி இருந்தேன். அந்தோனிஸ் என்றால் நம்ம அந்தோணியாரா ஏட்டி என்று கேட்டதற்கு, இவங்களுக்கு வனத்து அந்தோணியார்ம்மா, பன்றிக்குட்டியோட நிப்பாரே அவரு என்றாள் ஜெசிந்தா. சரி, அவரும் அந்தோணியார்தான். ஆனால் இவர்கள் சிலுவை போடுகிறது தலைகீழ், நாம் இடது தோளிலிருந்து வலது தோளுக்கு, இவர்கள் வலதிலிருந்து இடதுக்கு. கண்ணாடியில் நம்மைப் பார்க்கிற மாதிரி. கண்ணாடிக்குள் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வெளியே நின்று நான் என்ன செய்வேன்.

கத்தீனா கெட்டிக்காரி. அது எனக்கு வந்த அன்றைக்கே தெரியும். இந்த ஊர்ச் சந்துகளில் தரையில் பாவின கல்லுக்குக் கல் இடுக்கில் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறார்கள், தெரு முழுக்க வெள்ளைக் கோடு, வளைந்து வளைந்து. பொம்பளைகள் காலையில் போட்ட கோலம் என்றுதான் நினைத்தேன். ஒருத்தர் வாசல் கோலத்தை எப்படி மிதிக்கிறது. கப்பலிலிருந்து இறங்கி ஹோட்டல் வாசல்வரை கோட்டை மிதிக்காமல், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தேன், நண்டு மாதிரி. தெருவே சிரித்தது. கத்தீனா சிரிக்கவில்லை. வாசலில் நின்று என் காலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், மறுபடி என் காலைப் பார்த்தாள். அப்புறம் இறங்கி வந்து, இழுக்கிற காலோடு, அவளும் கோட்டை மிதிக்காமல் கல்லுக்குக் கல் தாண்டி என் பக்கத்துக்கு வந்து கையைப் பிடித்தாள். எதற்கு என்று தெரியாமலே, ஏதோ ஒரு காரணம் இருக்கும் என்று மதித்து வந்தாள். அப்படிப்பட்டவளுக்கு, நான் ஏன் தட்டைத் தொடுவதில்லை என்பது மட்டும் பிடிபடவில்லை. முதலில் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்தாள். பிறகு உப்பு பற்றவில்லை என்று நினைத்தாள், அடுத்த தட்டில் ஓரமாக உப்பும் மிளகாயும் இருந்தது, எங்கிருந்துதான் பச்சைமிளகாய் பிடித்தாளோ. பிறகு பாத்திரம் சுத்தமில்லை என்று நினைத்தாளாக்கும், புதுத் தட்டு வந்தது, விலைச்சீட்டு ஒட்டினது ஒட்டினபடி. நேற்றுத் தட்டோடு வந்தவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சுவரைப் பார்த்தேன். இவர்கள் ஊரில் வந்த விருந்தாளி தின்னாவிட்டால் அந்த வீட்டைக் காறித் துப்பினதற்குச் சமமாம். மகள் சொன்னாள். என் வீட்டில் ஒருத்தி வந்து இப்படிக் கிடந்தால் எனக்கு எப்படி இருக்கும். நினைக்காதே. நினைத்தால் எழுந்து போய்த் தின்றுவிடுவாய். முந்திரிக்கொத்தைக் கடி. கல்லு மாதிரி இருக்கிறது. மைனி பாகை முற்றவிட்டுவிட்டார். எப்போதும் முற்றவிடுவார்.

கதவு திறந்தது. தட்டாமல் திறந்தால் அது ஜெசிந்தா. சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இவளுக்கு முன்நெற்றியில் ரெண்டு முடி நரைத்திருக்கிறது. எப்போது நரைத்தது. அவள் அப்பா படுத்த படுக்கையாய்க் கிடந்த வருசங்களில் வந்த வரனையெல்லாம் தள்ளித் தள்ளி விட்டாள், பிறகு வரன் வரவில்லை, பிறகு நாங்கள் கேட்பதை நிறுத்திக்கொண்டோம். அந்தப் பிள்ளை இப்போது கேட்டது, "கீழ வாங்கம்மா. அவங்க இன்னும் சாப்பிடல, நீங்க வருவீங்கன்னு." வயிறு சரியில்லட்டி என்றேன். "வயிறு சரியில்லையா, முந்திரிக்கொத்து குடுத்த அத்தை சரியில்லையா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. "தண்ணி பாட்டிலப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சிருக்கணும். நர்சு வேலை பாத்துப் பாத்து, யாரு சாப்பிடலன்னாலும் வியாதின்னே நெனைக்கேன். கை நனைக்கக் கூடாதுன்னுதானே?" நான் ஆரோக்கியத்தைச் சொன்னேன். மோரைச் சொன்னேன். எத்தனையோ தடவை கேட்டவள்தான், மறுபடியும் பொறுமையாய்க் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள், "தாத்தா மோரு குடிச்சதுனாலயாம்மா பெரியம்மா கெட்டாங்க? மாப்பிள்ளை சாராயம் குடிச்சதுனால கெட்டாங்க. ஊருல நாலு பேருகிட்ட விசாரிச்சிருந்தா மோரு என்ன செய்யும்?" இத்தனை வருசமாக எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. எல்லோரும் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எழுந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "நீங்க வேண்டாம்னா வேண்டாம்மா. சத்தியமாச் சொல்லுதேன், கேட்டுக்கிடுவேன். ஆனா வாயத் தொறந்து சொல்லுங்க. பட்டினி கெடந்து சொல்லாதீங்க. அதுக்கப்புறம் வேற ஒருத்தனப் பாருன்னு மட்டும் என்கிட்ட சொல்லக்கூடாது." போய்விட்டாள். மெதுவாகத்தான் கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது கீழே பேச்சு கேட்கிறது. இங்கிலீஷில் ஜெசிந்தா பேசுகிறாள், அந்தோனிஸ் அதை அவன் பாஷையில் அம்மாவுக்குச் சொல்லுகிறான், இடையிடையே நின்று நின்று, எப்படிச் சொல்லுகிறது என்று தேடுகிற குரல். கத்தீனா கேள்வி கேட்கிறாள். ஒரு கேள்வி. இன்னொரு கேள்வி. ஏலம் எடுக்க வந்தவன் மீனைப் புரட்டிப் புரட்டிக் கேட்கிற மாதிரி, வாலைக் கேட்கிறாள், செவுளைக் கேட்கிறாள். என் குடும்பத்து மானத்தை முழுக்க விரித்துவிட்டாளா இந்தப் பிள்ளை. மோரைச் சொல்லியிருப்பாள். ஆரோக்கியத்தின் உடைந்த கையைச் சொல்லியிருப்பாள். வெள்ளைக்காரி என்ன நினைப்பாள். என் மகனையும் அந்தக் குடிகாரனையும் ஒரு தராசில் வைக்கிறாளே என்று நினைப்பாள். நினைக்கட்டும். நாளைக்குக் கப்பல். எனக்கு உண்மையில் பயம் அவன்மேல் இல்லை, அதை இந்த நிமிஷம் யாரும் கேட்காததால் சொல்லிக்கொள்கிறேன். அவன் நிழல் பக்கம் விட்டானே, அன்றைக்கே அந்தப் பயம் போய்விட்டது. பயம் என் காது மேல்தான். எந்தக் கூட்டத்திலும் எனக்குக் காது போதும், வேறு ஒன்றும் வேண்டாம், எழுத்து வேண்டாம், கணக்கு வேண்டாம். இந்த வீட்டில் அந்தக் காது செல்லாது. ஜெசிந்தாவுக்குப் பிள்ளை பிறந்தால் அது அழுகிறது எனக்குப் புரியும், பேசினால் புரியாது. போனில் பாட்டி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவிடும். கிழவி திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும், துறைமுகத்தில் அந்தோனிஸ் சிரித்த மாதிரி, எதற்கென்று தெரியாமல். அவனாவது சிரித்தான். மைனி, உங்களை ஒன்று கேட்கட்டுமா, கோபப்படாமல் கிட்ட இருந்து கேளுங்க. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு நீங்க என்ன செஞ்சீங்க. பெரியவர்கள் வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் முடியவில்லை, முடிகிற மாதிரியும் இல்லை. நீங்க எங்க சமையல்கட்டுக்குள்ள வந்து நின்னீங்க. நான் சட்டியில் சாளை பொரித்துக்கொண்டிருந்தேன். நீங்க என்னைப் பார்த்தீங்க, சட்டியைப் பார்த்தீங்க, சுடச்சுட ஒன்றை எடுத்து வாயில் போட்டு, ஊதி ஊதித் தின்னீங்க. பசியிலயா தின்னீங்க. இவ்வளவு நாளும் பசியில்தான் என்று நினைத்தேன், ஊரும் அப்படித்தான் சொல்லிச் சிரித்தது, உங்க அம்மாவும் அதற்குத்தான் உங்களை அடித்தார்கள். விரலில் எண்ணெயோடு நீங்க வெளியே போய் நின்றதும் பேச்சு முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வீடு கை நனைத்துவிட்டது, இனி என்ன பேச்சு. பசியில்தானா மைனி. ஏன் இதை இத்தனை வருசம் நான் கேட்கவில்லை.

பேச்சு நின்றுவிட்டது. கீழே ஒன்றும் இல்லை. கொதிக்கிற சத்தம்கூட இல்லை, அடுப்பை அணைத்துவிட்டார்கள். சதுக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து திரும்பிப் போனது. பசி இப்போது வலியாக இல்லை, காதுக்குள் இரைச்சலாக இருக்கிறது, சங்கை வைத்துக் கேட்கிற மாதிரி. யாரோ படியேறுகிறார்கள். ஜெசிந்தா இல்லை, அவள் ரெண்டு ரெண்டு படியாக ஏறுவாள். அந்தோனிஸ் இல்லை, அவன் ஏறினால் கைப்பிடி கிறீச்சிடும். ஒரு கால் இழுக்கிறது. இழுக்கிற செருப்புதான், ஆனால் சாவி குலுங்கவில்லை. கத்தீனா நடையில் சாவி இல்லாமல் எப்படி. நான் எழுந்து உட்கார்ந்தேன். போர்வையை இழுக்க மறந்துபோனேன். கதவுக்கு வெளியே கைப்பிடியில் எதையோ மெள்ள மாட்டுகிற சத்தம், ஒரே ஒரு கிணுக். அப்புறம் கதவைத் தட்டினாள். இத்தனை நாளும் அவள் தட்டினதே இல்லை, அவள் ஹோட்டல், அவள் கதவு, தட்டோடு வருவாள், முழங்கையால் தள்ளுவாள். இன்றைக்குத் தட்டிவிட்டு நிற்கிறாள். கூப்பிடுகிறவரை வரமாட்டேன் என்று நிற்கிறாள். வீட்டு வாசலில் ஆள் வந்து நின்றால் என்ன சொல்லுகிறது, என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. "வாங்க."

திறந்தாள். கறுப்புப் பாவாடை இல்லை, கோயிலுக்குப் போகிற நீலக் கவுன், கழுத்தில் சின்னச் சிலுவை, தலைமுடியை நனைத்து வாரியிருக்கிறாள். கையில் தட்டு இல்லை. ரெண்டு கையும் வெறும் கை. வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள், நான் கழற்றுகிறதைப் பார்த்திருக்கிறாள். வந்து நடு அறையில் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லாமல் உட்காரமாட்டாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. கட்டிலில் பக்கத்தைத் தட்டிக் காட்டினேன். கிட்ட வந்து இருந்தாள், தோளோடு தோள் படுகிற மாதிரி. அவள்மேல் எலுமிச்சை வாசமும் மீன் வாசமும் சோப்பு வாசமும். மேசைமேல் இருந்த டின்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தன் மார்பைத் தொட்டு, வாயைத் தொட்டு, டின்னைக் காட்டினாள். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. இது அவள் ஹோட்டல் அறை இல்லை இப்போது. என் சேலை கொடியில் கிடக்கிறது, என் ஜெபமாலை ஆணியில் தொங்குகிறது, என் ஊர்ப் பலகாரம் மேசைமேல் இருக்கிறது. இது பெண் வீடு. மாப்பிள்ளையைப் பெற்றவள் சாவியை வெளியே வைத்துவிட்டுப் பெண் வீட்டுக்கு வந்திருக்கிறாள். முறைப்படி யார் முதலில் வர வேண்டுமோ அவள் வந்திருக்கிறாள். நான் இல்லை என்று சொன்னால் அவள்தான் தலைகுனிந்து படியிறங்க வேண்டும், தெரிந்தே வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

டின்னைத் திறந்து நீட்டினேன். ஒன்றை எடுத்தாள், தலைகீழாய்ச் சிலுவை போட்டாள், கடித்தாள். கடிபடவில்லை. கடைவாய்ப் பக்கம் கொண்டுபோய்க் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மைனி, உங்க பாகு அப்படி. நான் வேண்டாம் விடு என்று கையைக் காட்டினேன். புருவத்தைத் தூக்கி நாக்கால் ஒரு தட்டு தட்டினாள், விடமாட்டாளாம். கன்னம் ஒரு பக்கம் உப்பி, மெதுவாய், முழுவதையும், பொடிகூட விடாமல் தின்றாள். விரலை நக்கினாள். எண்ணெய் விரலோடு வெளியே வந்து நின்ற மைனிதான் கண்ணில் நின்றார். பசியில் இல்லை. பசியில் இல்லவே இல்லை. கத்தீனா இன்னொன்றை எடுத்து, ரெண்டு கையாலும் அழுத்தி, முழங்காலில் வைத்துக் குத்தி உடைத்தாள். ஒரு பாதியை என் வாய்கிட்டக் கொண்டுவந்தாள். பலகாரம் என் வீட்டுது, கை அவளுது. இதைத் தின்றால் யார் வீட்டில் கை நனைத்ததாகக் கணக்கு, மைனி, நீங்களே சொல்லுங்க. எந்தப் பக்கம் பார்த்தாலும் முறை மீறவில்லை, எந்தப் பக்கம் பார்த்தாலும் காரியம் முடிந்தது. செம்பையே பார்த்துக்கொண்டிருந்தது போதும். நான் வாயைத் திறந்தேன். மென்றேன். வெல்லம் கரைகிறவரை ரெண்டு பேரும் சதுக்கத்தைப் பார்த்துக்கொண்டு மென்றோம். கீழே காப்பிக்கடைக்காரன் நாற்காலியை இழுக்கத் தொடங்கிவிட்டான்.

விக்கல் எடுத்தது. கத்தீனா மேசைமேல் இருந்த என் கடைத் தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன். பாட்டில் வேண்டாம் என்று தலையைப் பின்னால் சாய்த்து, புருவத்தைத் தூக்கி, அவளைப் போலவே நாக்கால் ஒரு தட்டு தட்டினேன். பிறகு விரலால் தரையைக் காட்டினேன். கீழே. உன் அடுப்படியில். உன் வீட்டுத் தண்ணீர்.

கத்தீனா என்னையே பார்த்தாள். எழுந்தாள், பாட்டிலைத் திறந்தாள், பால்கனிக்குப் போய் ஒரு சொட்டுக்கூட மிச்சம் இல்லாமல் தொட்டிச் செடியில் கவிழ்த்தாள். வாசலில் செருப்பை மாட்டினாள். கைப்பிடியில் தொங்கின சாவிக்கொத்தை எடுத்து, இடுப்பில் கட்டாமல், கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ரெண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி, படிக்கு ஒரு குலுக்காகக் குலுக்கிக்கொண்டே இறங்கிப் போனாள்.